தரையிறங்கிய பிறகு விமானம் நடுவழியில் ஏன் நிற்கிறது? டாக்ஸி (தரையில் உருண்டு செல்லும்) நேரத்தில் விமானிகளின் கவனம் பற்றி

தென்றல்கோட்டை (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களுக்கு வணக்கம். சில மாதங்களுக்கு முன் ஓர் இரவுப் பயணத்தில் நடந்ததைச் சொல்லி, விவரம் அறிந்தவர்களிடம் விளக்கம் கேட்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன். நிறுவனத்தின் பெயரும் நிலையத்தின் பெயரும் இங்கே தேவையில்லை. விமானம் பூப்போலத் தரையைத் தொட்டது. வேகம் குறைந்து ஓடுபாதையை விட்டு வளைந்ததுமே, பணிப்பெண்ணின் அறிவிப்பையும் மீறி, இடுப்புப் பட்டைகள் ஒவ்வொன்றாகக் கழலும் சத்தம் கேட்டது. எனக்கு முன்வரிசையில் இருந்த பெரியவர் எழுந்து, மேலேயிருந்த பையை எடுக்கக் கையை உயர்த்திய நேரத்தில் விமானம் வெடுக்கென்று நின்றது. அவர் முன்னிருக்கையில் மோதி அப்படியே உட்கார்ந்துவிட்டார். சன்னலில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தேன். எங்கள் மூக்குக்கு முன்னால், குறுக்காக, முழு விளக்குகளோடு ஒரு விமானம் பாய்ந்து சென்று மேலெழும்பியது.

அது முறையான நிறுத்தமா, கடைசி நேரத்தில் சுதாரித்துக்கொண்ட நிறுத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. இறங்கும்போது கேட்டதற்கு, "வழக்கமானதுதான்" என்றார்கள். சக்கரம் தரையைத் தொட்டதிலிருந்து வாசலில் நிற்கும்வரையுள்ள அந்தப் பத்துப் பதினைந்து நிமிடங்களில் விமானி அறையில் என்ன நடக்கிறது? யார் சாலையைப் பார்க்கிறார், யார் வேறு வேலை பார்க்கிறார்? தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வலது இருக்கை

வணக்கம் ஐயா. ஏ320 விமானத்தில் துணை விமானியாகப் பணியாற்றுகிறேன். நீங்கள் பார்த்தது முறையான நிறுத்தமாகவும் இருக்கலாம். சன்னல் வழியாகப் பார்த்ததை வைத்து நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆனால் உங்கள் கேள்வி மிகச் சரியான இடத்தைத் தொடுகிறது.

எங்கள் விமானம் ஏறத்தாழ மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடுகிறது. விரைவாக வெளியேறும் டாக்ஸிவே (விமானங்கள் தரையில் உருண்டு செல்லும் பாதை) இருந்தால், அது ஓடுபாதையிலிருந்து பெரும்பாலும் 30 பாகைக் கோணத்தில் பிரியும். ஈரத்தரையிலும் மணிக்கு 93 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பும்படி அதை வடிவமைக்கிறார்கள். கேப்டன் இடது கையால் டில்லர் என்ற சிறு திருப்புபிடியைப் பிடித்து மூக்குச் சக்கரத்தைத் திருப்புகிறார். அந்த நிமிடத்திலிருந்து எனக்கு வேலைகள் குவிகின்றன. டவர் அலைவரிசையிலிருந்து, தரைப் போக்குவரத்தைக் கவனிக்கும் கிரவுண்டுக்கு மாற வேண்டும். அவர்கள் சொல்லும் பாதையை எழுதி, பிசகாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். இறக்கையின் பின்பகுதியில் நீட்டியிருக்கும் ஃப்ளாப்பை உள்ளிழுக்க வேண்டும். ஸ்பாய்லர், ஸ்ட்ரோப் விளக்கு, தரையிறங்கும் விளக்கு, ஏபியு (வாலிலுள்ள துணை இயந்திரம்) என்று ஒவ்வொன்றாகக் கை போக வேண்டும். நிற்க வேண்டிய இடத்தின் எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் என் தலை குனிந்திருக்கும். விமானமோ அதற்குள் முதல் சந்திப்பை நெருங்கியிருக்கும்.

நான் அஞ்சுவது ஒரே ஒரு கணத்துக்குத்தான்: என் தலை குனிந்திருக்கும்போதே கேப்டனும் வரைபடத்தைப் பார்க்கக் குனியும் கணம். இரண்டு மூன்று விநாடிகள்தான் இருக்கும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி என்பது முப்பது மீட்டருக்கும் மேல்.

என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பணிக்குச் சேர்ந்த புதிதில், மழை இரவு ஒன்றில், நிற்கும் இடத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தேன். "இது எந்த டாக்ஸிவே?" என்று கேப்டன் கேட்டார். நிமிர்ந்து பார்த்தபோது ஓடுபாதையின் நிறுத்தக் கோடான நான்கு மஞ்சள் கோடுகள் எங்கள் மூக்குக்கடியில் போய்க்கொண்டிருந்தன; முதலில் தெரிந்தவை முழுக்கோடுகள். ஓடுபாதையிலிருந்து வெளியேறும்போது விட்டுவிட்டு வரைந்த இரட்டைக் கோடுதான் முதலில் வரும். முழுக்கோடு நம் பக்கம் இருந்தால் அதற்கப்பால் ஓர் ஓடுபாதை இருக்கிறது என்று பொருள். கேப்டன் பிரேக்கை மிதித்தார். டவருக்குச் சொன்னோம். அந்த நேரத்தில் அந்த ஓடுபாதையில் யாரும் இல்லை. அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பல்லாவரத்து மேகம்

விளக்கத்துக்கு நன்றி. ஆனால் அமெரிக்காவில் 1981 முதலே விமானி அறையில் தேவையற்ற பேச்சையும் வேலையையும் தடுக்கும் விதி இருக்கிறதல்லவா? 10,000 அடிக்குக் கீழே மட்டும்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள். டாக்ஸி செய்வதும் அந்த விதிக்குள் அடங்கும் என்று படித்திருக்கிறேன். அப்படியிருக்க ஏபியுவும் நிற்குமிட எண்ணும் அந்த நேரத்தில் எதற்கு?

வலது இருக்கை

அடங்கும். 1974இல் அமெரிக்காவின் சார்லட் நகரருகே ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 212 விமானம் விபத்துக்குள்ளானபோது, இறங்கும் கட்டத்தில் விமானிகள் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தது தெரியவந்தது. அந்த வகை விபத்துகளின் படிப்பினையாகவே அந்த விதி பிறந்தது. ஆனால் அது ஊர்க்கதையைத்தான் தடுக்கிறது; கடமையைத் தடுக்கவில்லை. நான் மேலே அடுக்கிய வேலைகள் அத்தனையும் கடமைகள். எனவே கேள்வி "செய்யலாமா" என்பதல்ல, "எப்போது செய்வது" என்பது. ஓடுபாதையை முழுவதும் விட்டு விலகி, வால்பகுதியும் நிறுத்தக் கோட்டைத் தாண்டும்வரை ஒன்றையும் தொடாதே, முன்னால் கடக்க வேண்டிய ஓடுபாதை இருந்தால் அதையும் தாண்டும்வரை பொறு என்று எனக்குக் கற்பித்த கேப்டன் ஒருவர் சொல்வார். ஃப்ளாப் இரண்டு நிமிடம் தாமதமாக உள்ளே போனால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது.

கோபுரத்துக் கிழவன்

பணி ஓய்வு பெற்ற விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளன் நான். தம்பி சொன்னதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. அதோடு கோபுரத்தின் பக்கத்தையும் வைக்கிறேன். தரையிறங்கிய பிறகு வழி தவறுவது என்றால் என்ன என்று புரிந்துகொள்ள, 1999 டிசம்பர் 6ஆம் தேதி இரவு அமெரிக்காவின் பிராவிடன்ஸ் விமான நிலையத்தில் நடந்ததைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. நான் பயிற்சி கொடுத்த காலத்தில் ஒவ்வொரு அணிக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன்.

கடும் பனிமூட்டம். கோபுரத்திலிருந்து தரை தெரியவில்லை. அங்கே தரை ரேடாரும் இல்லை. யுனைடெட் 1448 என்ற போயிங் 757 பயணிகள் விமானம் "5 ரைட்" என்ற ஓடுபாதையில் நல்லபடியாக இறங்கியது. நவம்பர், டாங்கோ என்ற இரு டாக்ஸிவேக்கள் வழியாக வாசலுக்குப் போகும்படி சொன்னார்கள். பனிக்குள் பலகைகளைத் தேடிக்கொண்டே போன அவர்கள் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டு, பிராவோ என்ற வேறொரு டாக்ஸிவேயில் ஏறி, சுற்றிக்கொண்டு, தாங்கள் சற்றுமுன் இறங்கிய அதே ஓடுபாதைக்கே திரும்பி வந்துவிட்டார்கள். தாங்கள் இருப்பது பயன்பாட்டில் இல்லாத மற்றோர் ஓடுபாதையின் அருகே என்று எண்ணி, அந்த ஓடுபாதையின் பெயரைக் கோபுரத்துக்குச் சொன்னார்கள். கட்டுப்பாட்டாளருக்கு அது போதுமானதாக இருந்தது. ஃபெட்எக்ஸ் 1662 சரக்கு விமானத்துக்குப் புறப்பட அனுமதி கொடுத்துவிட்டார். அந்தச் சரக்கு விமானம், ஒரு போயிங் 727, பனிக்குள்ளிருந்து வந்து, யுனைடெட்டின் மிக அருகே மேலெழும்பிச் சென்றது. சற்றுமுன் யாரோ இங்கிருந்து புறப்பட்டுப் போனார்கள் என்று யுனைடெட் விமானிகள் பதறிச் சொன்னார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. அவர்கள் இருப்பது பயன்பாட்டிலுள்ள ஓடுபாதை அல்ல என்ற எண்ணத்திலிருந்து கட்டுப்பாட்டாளர் விலகவில்லை. அடுத்து வரிசையில் நின்ற யூஎஸ் ஏர்வேஸ் 2998க்கும் புறப்பட அனுமதி தந்தார். அந்த விமானி மறுத்துவிட்டார். யுனைடெட் எங்கே இருக்கிறது என்று உறுதியாகத் தெரியும்வரை நகரமாட்டேன் என்று நின்றுவிட்டார். யாருக்கும் ஒரு கீறலும் இல்லாமல் அந்த இரவு முடிந்தது. ஒருவரின் கவனம் தவறும்போது, அலைவரிசையில் மற்றவர்களின் பேச்சையும் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும் இன்னொருவர் தேவை என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை.

நான் கோபுரத்தில் இருந்தவன் என்பதால் கோபுரத்தின் தவறையும் சொல்லியாக வேண்டும். வழி தவறியதாக ஒரு விமானம் சொன்ன பிறகு, அது எங்கே என்று தெளிவாகும்வரை ஓடுபாதையில் எதையும் நகரவிடக் கூடாது. ஒரு நிமிடத் தாமதம், இரண்டு விமானங்கள் வரிசையில் காத்திருப்பது, வாசலில் ஒரு புகார்: இவ்வளவுதான் அதற்கு நாம் கொடுக்கும் விலை.

பல்லாவரத்து மேகம்

ஐயா, இவ்வளவு விரிவாகச் சொன்னதற்கு வணக்கம். இருந்தாலும் இந்த இழை "விமானி கவனமாக இருந்தால் போதும்" என்ற பக்கமாகச் சாய்வதாக எனக்குப் படுகிறது. நான் கட்டுமானப் பொறியாளன். மனிதன் தவறு செய்யும் இடத்தைத் தரையிலேயே வரைந்து வைத்துவிட்டு, பிறகு அவனைக் கவனமாக இரு என்று சொல்வது நியாயமில்லை.

லாஸ் ஏஞ்சலஸ் நிலையத்தைப் பாருங்கள். தெற்குப் பக்கத்தில் இரண்டு ஓடுபாதைகள் இணையாக, நெருக்கமாக இருக்கின்றன. வெளி ஓடுபாதையில் இறங்குவார்கள். உள் ஓடுபாதையிலிருந்து புறப்படுவார்கள். இறங்கி வேகமாக வெளியேறிய விமானம் நேரே உள் ஓடுபாதையின் நிறுத்தக் கோட்டுக்கு வந்து முட்டும். இடையே மூச்சுவிட இடமில்லை. தம்பி சொன்ன அத்தனை வேலைகளும் அந்தச் சிறிய இடைவெளிக்குள்தான் நடந்தாக வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு யாராவது ஒருவர் அங்கே கோட்டைத் தாண்டினார்கள். கடைசியில் என்ன செய்தார்கள்? வெளி ஓடுபாதையை இடித்து, சுமார் 17 மீட்டர் தெற்கே தள்ளிப் புதிதாகப் போட்டார்கள். அது 2007இல் திறந்தது. கிடைத்த இடத்தில், இரண்டு ஓடுபாதைகளுக்கும் நடுவே ஒரு டாக்ஸிவேயை அமைத்தார்கள். இறங்கிய விமானம் இப்போது அந்த நடுப்பாதையில் திரும்பி, வேகம் தணிந்து, பிறகே கடக்க வேண்டியிருக்கிறது. கான்கிரீட்டில் எழுதிய கவனம் அது. அறிவுரையைவிட அதைத்தான் நான் நம்புகிறேன்.

வலது இருக்கை

உங்களோடு உடன்படுகிறேன், பாதிவரை. அமைப்பு முதல், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் உலகிலுள்ள எல்லா நிலையங்களையும் இடித்துக் கட்ட முடியாது. நம் சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள்; முதன்மை ஓடுபாதையும் இரண்டாவது ஓடுபாதையும் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. மும்பையிலும் அப்படித்தான். அந்தத் தரையில் நாளையும் நான் ஓட்ட வேண்டும். எனவே கான்கிரீட் மாறும்வரை என் தலை எப்போது நிமிர்ந்திருக்க வேண்டும் என்பதையும் பேசித்தான் ஆக வேண்டும்.

கோபுரத்துக் கிழவன்

இருவரும் சொல்வது சரி. அதற்கு டெல்லியில் நடந்ததே சாட்சி. 2023 ஆகஸ்ட் 23ஆம் தேதி, அகமதாபாத்திலிருந்து வந்த விஸ்தாரா விமானம், அதற்கு முந்தைய மாதம்தான் திறந்து வைத்த புதிய ஓடுபாதையில் இறங்கியது. வாசலுக்குப் போக வேண்டுமானால் பக்கத்து ஓடுபாதையைக் கடக்க வேண்டும். கடக்கலாம் என்று அனுமதியும் வந்தது. அதே நேரத்தில், கடக்க வேண்டிய அந்த ஓடுபாதையில், பாக்டோக்ரா செல்லும் இன்னொரு விஸ்தாரா விமானத்துக்குப் புறப்பட அனுமதி கொடுத்திருந்தார்கள். இறங்கிய விமானத்தின் கேப்டன், ஒரு பெண்மணி, எதிரே வருவதைக் கண்டு கோபுரத்தை எச்சரித்தார். புறப்பட்ட விமானம் நிறுத்தப்பட்டது. இரண்டுக்கும் இடையே சுமார் 1.8 கிலோமீட்டர் தூரம் இருந்ததாகச் செய்தித்தாள்கள் எழுதின.

அங்கே அனுமதி கோபுரத்திலிருந்து வந்தது. தவறும் அங்கேதான் இருந்தது. "அனுமதி கொடுத்துவிட்டார்களே" என்று அந்தக் கேப்டன் தலையைக் குனிந்து ஃப்ளாப்பைப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே மனம் கூசுகிறது. கடக்க அனுமதி வந்த பிறகும் இடமும் வலமும் பார்ப்பது, ரயில்வே கேட் திறந்திருந்தும் தண்டவாளத்தில் இரு பக்கமும் பார்த்துவிட்டு மாட்டுவண்டியை ஓட்டும் எங்கள் ஊர்ப் பெரியவர்களின் வழக்கம். அந்த வழக்கம்தான் அன்று டெல்லியில் காப்பாற்றியது.

ஏப்ரன் ஓட்டுநர்

எனக்குப் படிப்பு குறைவு, தவறிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு விமான நிலையத்தில் பல ஆண்டுகளாக வாகனம் ஓட்டுகிறேன். விமானத்துக்கு முன்னால் வழிகாட்டிச் செல்லும் வண்டியும் ஓட்டியிருக்கிறேன். மழை இரவில் தரையிலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பகலில் பார்த்தவர்களுக்கு அது புரியாது.

டாக்ஸிவேயின் ஓரத்தில் நீல விளக்கு, நடுவில் பச்சை விளக்கு. ஓடுபாதையின் ஓரத்தில் வெள்ளை. காய்ந்த தரையில் இவை தனித்தனியாகத் தெரியும். தண்ணீர் தேங்கினால் ஒவ்வொரு விளக்கும் இரண்டாகத் தெரியும். எது விளக்கு, எது அதன் நிழல் என்று கண் தடுமாறும். மஞ்சள் கோடுகள் நீருக்கடியில் மறைந்துவிடும். சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்து இருந்தால் அதற்கப்பால் ஓடுபாதை; கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால் நாம் நிற்கும் இடம்; மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால் போகும் திசை. பணியில் சேர்ந்த முதல் வாரத்தில் இதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். ஓடுபாதையின் வாயிலில் இரண்டிரண்டாக மாறி மாறிச் சிமிட்டும் மஞ்சள் விளக்குகள் இருக்கும். எனக்கு மிகப் பிடித்தவை அவைதான். மற்ற எல்லாம் அசையாமல் இருக்கும்போது அவை மட்டும் கண்ணைப் பிடித்து இழுக்கும்.

சந்தேகம் வந்தால் வண்டியை நிறுத்தி ரேடியோவில் கேள் என்பதுதான் எங்கள் மேற்பார்வையாளர் சொல்லித்தந்த ஒரே விதி. "நின்றதற்காக இதுவரை நான் யாரையும் கண்டித்ததில்லை" என்பார் அவர். விமானிகளுக்கும் அப்படி ஒருவர் இருந்தால் நல்லது.

தென்றல்கோட்டை

ஏப்ரன் ஓட்டுநர் ஐயா, பொறுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. இந்த இழையில் என் கண்ணுக்கு முன்னால் காட்சியைக் கொண்டுவந்து நிறுத்தியவர் நீங்கள்தான்.

இன்னொரு கேள்வி. கைப்பேசியிலேயே நாம் நிற்கும் தெருவைக் காட்டும் வரைபடம் வந்துவிட்டதே. விமானி அறையில் அது இல்லையா? இருந்தும் ஏன் வழி தவறுகிறது?

பல்லாவரத்து மேகம்

இருக்கிறது, பல விமானங்களில். நகரும் வரைபடத்தில் நம் விமானம் எங்கே என்பது தெரியும். பிராவிடன்ஸில் அது இருந்திருந்தால் கதையே வேறு. ஆனால் அதைப் பார்க்கவும் தலை குனிய வேண்டும்; மற்ற விமானங்கள் எல்லாவற்றையும் அது காட்டிவிடும் என்றும் நம்பியிருக்க முடியாது. எனவேதான் தரையிலேயே பதித்து, ஓடுபாதையில் விமானமோ வண்டியோ இருந்தால் தானாகச் சிவப்பாக எரியும் விளக்குகளை அமெரிக்காவின் சில பெரிய நிலையங்களில் அமைத்தார்கள். அதைப் பார்க்கத் தலையை நிமிர்த்தியே ஆக வேண்டும். என் மனத்துக்கு உகந்த தீர்வு அது.

எச்சரிக்கை யாருடைய திரையில் வருகிறது என்பதும் முக்கியம். 2024 ஜனவரி 2ஆம் தேதி டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில், கடலோரக் காவல் படையின் விமானம் ஓடுபாதையில் ஏறி ஏறத்தாழ 40 விநாடிகள் நின்றது. கட்டுப்பாட்டாளரின் திரையில் அதைக் காட்டும் எச்சரிக்கை இருந்தது, அவர் கவனிக்கவில்லை. அந்த நுழைவாயிலின் சிவப்பு நிறுத்த விளக்குகள் மேம்பாட்டுப் பணிக்காக அன்று அணைந்திருந்தன. இறங்கி வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 அதன்மேல் மோதியது. ஏ350இல் இருந்த 379 பேரும் வெளியேறித் தப்பித்தார்கள். காவல் படை விமானத்தில் ஆறு பேரில் ஐவர் இறந்தார்கள்.

கோபுரத்துக் கிழவன்

ஹனேடாவில் ஒரு சொல்லும் பிழைக்கு வழிவிட்டது. புறப்படும் வரிசையில் நீங்கள் "நம்பர் ஒன்" என்று சொல்லி, நிறுத்தக் கோடுவரை வரச் சொன்னார் கட்டுப்பாட்டாளர். அந்தக் கேப்டன் அதை ஓடுபாதையில் ஏற அனுமதி என்று எடுத்துக்கொண்டார். அதன்பின் ஜப்பானில் சில காலம் வரிசை எண்ணைச் சொல்வதையே நிறுத்தி வைத்தார்கள். அமெரிக்காவில் 2010 முதல், வழியில் எத்தனை ஓடுபாதைகள் வந்தாலும் ஒவ்வொன்றையும் கடக்கத் தனித்தனி அனுமதி வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். சொல்லுக்கு இவ்வளவு எடை இருப்பதால்தான், நில், கட, ஏறு என்ற மூன்றையும் விமானி வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று கேட்கிறோம். "சரி, புரிந்தது" என்ற பதிலை ஏற்க எனக்கு ஒருநாளும் மனம் வந்ததில்லை.

நடைவழி நாயகி

நான் விமானப் பணிப்பெண். பயணிகள் பற்றி யாரும் எழுதவில்லையே என்பதால் வந்தேன். தென்றல்கோட்டை ஐயா சொன்ன அந்தப் பெரியவரைப் போல், விமானம் வளைந்ததும் எழுந்து நிற்பவர்களை ஒவ்வொரு பயணத்திலும் பார்க்கிறேன். அறிவிப்புச் செய்தும் உட்காராதபோது, இடைவழியில் பத்துப் பேர் நிற்கிறார்கள் என்று விமானி அறைக்குத் தெரிவிக்க வேண்டிய நிலை வருகிறது. அங்கே மணி ஒலிக்கிறது. அந்த மணி ஒலிக்கும் நேரத்தில் அவர்கள் ஓர் ஓடுபாதையைக் கடந்துகொண்டிருக்கிறார்களா என்று பின்னால் இருக்கும் எங்களுக்குத் தெரிய வழியில்லை. எனவே அவசரமில்லாத எதற்கும் நான் அழைப்பதில்லை. குரலை உயர்த்தி, நானே உட்கார வைக்கப் பார்க்கிறேன். சிலர் கோபித்துக்கொள்கிறார்கள்.

வலது இருக்கை

சகோதரி, அந்த மணியை நீங்கள் அழுத்தாத ஒவ்வொரு முறைக்கும் நன்றி. அது எங்களுக்குத் தெரியாமலே போய்விடுகிறது என்பதால் இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

தென்றல்கோட்டை

எல்லோருக்கும் நன்றி. இந்த வாரம் மறுபடியும் பயணம் செய்தேன், பகலில். வலப்பக்கச் சன்னலோர இருக்கை. ஓடுபாதையை விட்டு வளைந்ததும் இறக்கைக்கடியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். விட்டுவிட்டு வரைந்த இரட்டைக் கோடு முதலில் வந்தது, பிறகு முழுக்கோடு இரண்டு. அவற்றைத் தாண்டிச் சிறிது தூரம் போன பிறகுதான் இறக்கையின் பின்பகுதியில் ஃப்ளாப் மெல்ல உள்ளே போகத் தொடங்கியது. வலது இருக்கைத் தம்பி, உங்கள் கேப்டன் சொன்னபடியே செய்த இன்னொருவர் அன்று முன்னால் உட்கார்ந்திருந்தார். விமானம் நின்று, மணி அடித்து, விளக்கு அணையும்வரை நான் பட்டையைக் கழற்றவில்லை.